மூன்று பைன் மேட்டில் யாரும் இல்லை

பெவர்லி: இன்னொரு தடவை வாசி. சத்தமா. மண்டபம் முழுக்கக் கேக்கட்டும்.

கிளைவ்: பெவ், முதல்ல உட்காரு. முழங்கால் வரைக்கும் சேறு…

பெவர்லி: சேத்துல ஓடினா சேறுதான் இருக்கும். வாசி!

கிளைவ்: எண் நாற்பத்தொன்னு. பெவர்லி ஹாஸ்கின்ஸ். தகுதி நீக்கம்.

பெவர்லி: பதினெட்டு வருஷமா இந்த மலை ஓட்டத்துல ஓடறேன். காய்ச்சலோட ஓடியிருக்கேன். ஒரு ஷூவை ஓடையில விட்டுட்டு ஓடியிருக்கேன். என் பேருக்கு எதிர்ல இதை எழுத உனக்குக் கை எப்படி வந்துச்சு?

கிளைவ்: நீ பாதை மாறிப் போயிட்ட. மூணு இடத்துல நம்பர் குறிக்கிறோம். ரெண்டாவது இடத்துச் சீட்டுல உன் நம்பரே இல்ல. எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்.

பெவர்லி: பாதை மாறினது நானா? நீதானே மாத்தின! என்னைக்கும் ஓக் காட்டைத் தாண்டினா நேரா மேட்டுவெளிக்கு ஏறி, மூணு பைன் மரத்தைச் சுத்திக் கீழ இறங்கறோம். இந்த வருஷம் என்னடான்னா, இடது பக்கம் திருப்பிச் சதுப்புல தள்ளியிருக்க. ஓட்டமா இது? எருமை குளிக்கிற இடம்!

டாஃப்னி: டீ ஆறுது, ரெண்டு பேரும் குடிச்சுட்டுச் சண்டை போடுங்க. லெமன் கேக்கும் ரெண்டு துண்டுதான் இருக்கு.

கிளைவ்: டாஃப்னி, இப்ப வேணாம்.

டாஃப்னி: கட்டின பொண்டாட்டிங்கற மரியாதை இருக்கா பாரு…

பெவர்லி: ஏன் மாத்தின? அதைச் சொல்லு.

கிளைவ்: மேல பக்கிக் குருவி இருக்கு. தரையில முட்டையிடுற பறவை. புதர்ல கால் படக் கூடாதுன்னு…

பெவர்லி: அக்டோபர்லயா? அது ஆப்பிரிக்காவுக்குப் போய் ஒரு மாசம் ஆச்சு!

கிளைவ்: பாதையும் அரிச்சுப் போயிருச்சு. மழையில…

பெவர்லி: நான் இப்பதானே அதுல ஓடிட்டு வரேன்! ஒரு கல் புரளல. நேத்துப் பெருக்கி வச்ச மாதிரி இருக்கு.

கிளைவ்: சரி… மேல நிக்க ஆள் இல்ல. போதுமா? குளிர்ல நாலு மணி நேரம் நின்னு பென்சில்ல நம்பர் எழுத யாரும் வர மாட்டேங்கறாங்க.

பெவர்லி: நீ எங்க போன? வருஷா வருஷம் அங்க நின்னது நீதானே! அந்தக் கிழிஞ்ச பச்சைத் தொப்பியைப் போட்டுக்கிட்டு, ஏறி வர்றவங்களை எல்லாம் கேலி பண்ணிக்கிட்டு…

கிளைவ்: எனக்கு இடுப்பு வலி.

பெவர்லி: நேத்துக் கொட்டகையில மேஜையைத் தலைமேல தூக்கிட்டுப் போனியே, அது யாரோட இடுப்பு?

டாஃப்னி: எதுக்கு மென்னு முழுங்கற, சொல்லித் தொலையேன். உனக்காகத்தான் மாத்தினான், பெவ். போன வருஷம் நெவில் அந்த இறக்கத்துலதானே… அந்த இடத்தை நீ மறுபடி தாண்டிப் போக வேணாம்னுதான். எங்கிட்ட அப்படித்தான் சொன்னான்.

பெவர்லி: எனக்காகவா?

டாஃப்னி: கோவிச்சுக்காத…

பெவர்லி: கோவிச்சுக்காம? செத்தது என் புருஷன். அந்த இடத்துக்குப் போகணுமா வேணாமான்னு நீங்க ரெண்டு பேரும் சமையல்கட்டுல உட்கார்ந்து முடிவு பண்ணுவீங்களா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஃபோன் இருக்கு. கதவு இருக்கு. தட்டினா திறக்கும்!

டாஃப்னி: நான்… அந்தப் பக்கம் கப்பு கழுவணும். பேசிட்டு வாங்க.

கிளைவ்: மன்னிச்சுக்க பெவ். அடுத்த வருஷத்துக்குப் பழைய பாதையையே… ஆனா நீ இன்னைக்குப் பண்ணினதும் தப்புதான். தரையில மாவுல அம்புக்குறி போட்டிருந்தேன். இவ்வளவு பெருசு! மரத்துல சிவப்பு ரிப்பன் வேற. பழக்கத்துல கால் இழுத்துட்டுப் போயிருச்சா?

பெவர்லி: பழக்கம் இல்ல. அம்பைப் பார்த்தேன்.

கிளைவ்: பார்த்துட்டா?

பெவர்லி: பார்த்துட்டுத்தான் நேரா ஏறினேன்.

கிளைவ்: அறிவிருக்கா உனக்கு? முன்னால போனவன் வந்துட்டான், பின்னால வந்தவளும் வந்துட்டா, உன்னைக் காணோம். சீட்டைப் பார்த்தா நம்பர் இல்ல. இருபது நிமிஷம்! ரெண்டு பேரைத் தேடச் சொல்லி அனுப்பினேன். மறுபடியும் ஒரு ஆள் அந்தக் காட்டுல… நான்… என்னால இன்னொரு தடவை முடியாது, பெவ்.

பெவர்லி: உன்னால முடியாதா? ஒரு வருஷம், கிளைவ். சவ அடக்கத்துல கை குலுக்கினதோட சரி. கடையில என்னைப் பார்த்தா ரொட்டி அலமாரிக்குப் பின்னால பதுங்கற. முப்பது வருஷமா ஞாயித்துக்கிழமைன்னா எங்க அடுப்படியிலதானே கிடப்ப? நெவில் போனா நானும் போயிட்டேனா?

கிளைவ்: அதில்ல…

பெவர்லி: எது இல்ல?

கிளைவ்: டாஃப்னிகிட்ட சொன்னது பொய். பாதையை மாத்தினது உனக்காக இல்ல.

பெவர்லி: ம்.

கிளைவ்: எனக்காக. அந்த மரத்தடியில மறுபடி நிக்க முடியாது என்னால. அன்னைக்கு நெவில் மேல ஏறி வந்தான். முகம் சாம்பல் மாதிரி. முழங்கால்ல கையை ஊனிக்கிட்டு, "ரெண்டு நிமிஷம் உட்கார்ந்துக்கட்டுமாடா?"ன்னான். என் பக்கத்துலயே மடக்கு நாற்காலி இருந்துச்சு, பெவ். காலியா இருந்துச்சு. நான்… நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உட்கார்ந்தா உன் பொண்டாட்டி வந்து பிடிச்சிருவா, ஓடுடா கிழவா"ன்னேன். அவனும் கையை ஆட்டிட்டு இறங்கினான். முந்நூறு அடி கூடப் போயிருக்க மாட்டான். அதை எந்த முகத்தோட வந்து உங்கிட்ட சொல்லுவேன்?

பெவர்லி: தெரியும், கிளைவ். பெரணிச் செடிக்குள்ள மல்லாந்து கிடந்தான். என்னைப் பார்த்ததும் சிரிச்சான். "நீ பிடிச்சிருவேன்னு கிளைவ் சொன்னான், பிடிச்சுட்ட பாரு"ன்னான். அவ்வளவுதான் பேசினான். அதை உங்கிட்ட சொல்லத்தான்யா அம்பைத் தாண்டி ஏறினேன்… அம்பு எந்தப் பக்கம் காட்டினாலும், வழக்கம் போல மரத்தடியில நீ நிப்பேன்னு நினைச்சேன்.