அப்ரார் பெயரில் ஒரு வரி

வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் எனக்குச் சாப்பாடு சூடாக வேண்டும். மற்ற நாட்களில் டப்பாவில் இருப்பதை வாயை மூடிக்கொண்டு தின்றுவிடுவேன். வெள்ளிக்கிழமை மாட்டுங்காவில் எங்கள் லேபுக்குப் பின்தெருவில் இருக்கும் மெஸ்ஸில் மோர்க்குழம்பும் சேப்பங்கிழங்கு வறுவலும் போடுவார்கள். கொஞ்சம் பிந்தினாலும் வறுவல் தீர்ந்துபோகும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்று என்னிடம் இருந்தது அவசரம்தான். கெட்ட எண்ணம் பிறகுதான் வந்தது.

என் பெயர் பூலோகம். தாராவியில் பிறந்து வளர்ந்தவன். ரத்தமும் சதையும் பரிசோதிக்கும் ஒரு தனியார் லேபில் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கூடவே அப்ரார் இருந்தான். எங்கள் சந்துக்காரன். என்னைவிடக் கொஞ்சம் இளையவன், அதனால் அண்ணே என்பான். வேலையில் இருவரும் சமம். எங்கள் சர்வர் யூனிக்ஸ் வகை. அதில் மௌஸைச் சொடுக்குகிற சமாசாரமெல்லாம் கிடையாது, கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்ட வேண்டும். தட்டியதையெல்லாம் அது ஒரு ஃபைலில் தானாக எழுதிவைத்துக்கொள்ளும். ஹிஸ்டரி என்போம்.

முன்பு லேபில் எல்லோரும் ஒரே பெயரில்தான் சர்வருக்குள் நுழைவார்கள். எது கெட்டாலும் ஆளாளுக்கு அடுத்தவனைக் கை காட்டுவான். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு ஹிஸ்டரி ஃபைல் என்று நான்தான் பிரித்தேன். வெளியேறும்போது மொத்தமாக எழுதுவதை மாற்றி, தட்டிய உடனே நேரத்தோடு எழுதும்படி வைத்தேன். ஃபைலில் வரி சேரும், ஆனால் போகாது என்று ஒரு பூட்டும் போட்டேன். தட்டியவனே நினைத்தாலும் தன் வரியை அழிக்க முடியாது. அந்தப் பூட்டைத் திறக்கும் அதிகாரம் என்னிடம் மட்டும் இருந்தது.

"இனிமே எவனும் பொய் சொல்ல முடியாதுண்ணே" என்றான் அப்ரார். அவனுக்கு என்னைப் பற்றி அவ்வளவு பெருமை.

ஹிஸ்டரியில் ஒரு சௌகரியம் உண்டு. மேல் அம்புக்குறியை அழுத்தினால் முன்பு தட்டிய கட்டளை அப்படியே திரும்ப வரும். எங்களைப் போன்ற சோம்பேறிகளுக்கு விரல் அங்கேதான் போகும். ஒவ்வொரு வெள்ளியும் அந்த வாரத்துப் பயாப்ஸி ரிப்போர்ட்டுகளை அப்ரார் வேறொரு டிஸ்க்கில் நகலெடுப்பான். எடுத்தபின் சர்வரில் இருப்பதை நான் துடைத்துவிடுவேன். அன்று ரமலான் மாதத்து வெள்ளி. "இன்னும் காப்பி எடுக்கலண்ணே, தொழுதுட்டு வந்து எடுக்கேன்" என்று சொல்லிவிட்டு அவன் ஜும்மாவுக்குப் போனான்.

சாப்பிடக் கிளம்பும் முன் சர்வரில் இடம் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க நினைத்தேன். அம்புக்குறி, அம்புக்குறி, எண்டர். திரையைப் படிக்கவில்லை. வந்தது போன வாரம் நான் தட்டிய துடைப்புக் கட்டளை.

நகலெடுக்காத அந்த வாரத்து ரிப்போர்ட்டுகள் மொத்தமும் போய்விட்டன. அன்று நான் மெஸ்ஸுக்குப் போகவில்லை. பூட்டைத் திறந்து என் ஃபைலிலிருந்து அந்த வரியை எடுத்தேன். அப்ராரின் ஃபைலில் அதையே எழுதினேன். நேரத்தை மட்டும் மாற்றி, காலையில் அவன் சீட்டில் இருந்த நேரமாக வைத்தேன். பூட்டைத் திரும்பப் போட்டேன். நான் பிள்ளைகுட்டிக்காரன் என்று சாக்குச் சொல்ல மாட்டேன், அவனும் பிள்ளைகுட்டிக்காரன்தான். பயந்துவிட்டேன், அவ்வளவுதான்.

மேலதிகாரி முன்னால் அப்ராருக்கு அந்த வரியைக் காட்டியபோது, "நான் அடிக்கலண்ணே" என்றான். பிறகு திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஃபைலு பொய் சொல்லாதுல்லா?"

"அது எப்படில சொல்லும்?" என்றேன். "நோம்பு நேரம். பசி மயக்கத்துல கை தன்னால போயிருக்கும்."

அவன் தன் விரல்களைப் பார்த்தான். "இருக்கும்ணே" என்றான்.

ஃபைலைத் திருத்தியது பயத்தில் செய்தது. இதை நான் நிதானமாகச் சொன்னேன். தூக்கம் வராதபோது எனக்கு நினைவு வருவது இந்தப் பேச்சுதான்.

சதைத் துண்டுகளைத் திரும்பப் பார்த்து ரிப்போர்ட் எழுத வாரக்கணக்கில் ஆயிற்று. தேவ்நாரில் மாரீஸ்வரி என்று ஒருத்தி. அழிந்ததில் அவள் ரிப்போர்ட்டும் ஒன்று. லேபிலிருந்து ஒன்றும் சொல்லாததால் ஒன்றும் இல்லை போல என்று அவள் வீட்டில் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். அவளுக்கு இருந்தது புற்றுநோய். தெரிந்தபோது பரவிவிட்டது. மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாள். முதலிலேயே தெரிந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று டாக்டரே சொன்னார்.

அப்ராருக்கு வேலை போயிற்று. இப்போது தாராவியில் மச்சானின் தோல்பை பட்டறையில் பசை தடவுகிறான். கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை. தொழுகை முடிந்து ஒவ்வொரு வெள்ளியும் தேவ்நாருக்குப் போய் மாரீஸ்வரியின் பிள்ளைகளுக்கு வேண்டியதைச் செய்துவிட்டு வருகிறான். அவன் மனைவி அஃப்ஷா ஒருநாள் என்னிடம் அழுதாள். "கதவைப் பூட்டுனேனான்னு என்னையத்தான் கேக்காருண்ணே. சோறு தின்னேனான்னும் என்னையத்தான் கேக்காரு. அவுரு மேலயே அவுருக்கு நம்பிக்கை இல்ல. நீங்க வந்தாத்தான் ரெண்டு வார்த்தை பேசுதாரு."

அதனால் அடிக்கடி போவேன். பெருநாளுக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுத்துக் கொடுப்பேன். என்னால் ஆனதைச் செய்தேன்.

போன வாரம், இனித் தாங்காது என்று பட்டறைக்குப் போய் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான் வெளியே போயிருந்தார். அம்புக்குறி, பூட்டு, நேரத்தை மாற்றியது, நோன்பைச் சொல்லி அவனை நம்பவைத்தது, ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் மனசு லேசானது உண்மை. அவன் பசை காய்ந்த கையோடு என்னையே பார்த்தான். கண் நிறைந்துவிட்டது.

"எம் பாவத்தப் போயி நீங்க ஏண்ணே சொமக்கணும்? அந்த வரிய நான் கண்ணால பாத்தேன்லா" என்றான். நான் அவனுக்காகப் பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டான். "கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்."

நிரூபிக்க என்னால் முடியும். எதையும் அழிக்கும் முன் ஒரு நகல் எடுத்துவைப்பது தொழில் பழக்கம். என் பழைய ஹிஸ்டரி ஃபைல், அந்த வரியோடும் சரியான நேரத்தோடும், பென் டிரைவில் என் சட்டைப்பையிலேயே இருந்தது. அதைக் காட்டத்தான் போயிருந்தேன். கை பைவரைக்கும் போனது.

அதற்குள் அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அந்த நிலைமையில் ஒரு மனிதனை மேலும் குழப்புவது நியாயமாக எனக்குப் படவில்லை.

"ஒங்க பேரையும் கெடுத்துட்டேன், என்னைய மன்னிச்சிருங்கண்ணே" என்றான்.

அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். "நான் எப்பமோ மன்னிச்சிட்டேன், விடுல" என்றேன்.