இரண்டாம் எண் தொட்டியில் வராத சத்தம்

என் பெயர் பூமிகா, வயது 26, தகப்பனார் பெயர் துளசிராமன், சொந்த ஊர் திருநின்றவூர். தற்போது புதுவாயலில் வாடகை அறையில் தங்கி, தேர்வாய் கண்டிகையில் சலவைத்தூளுக்கான என்சைம் தயாரிக்கும் தொழிற்சாலையின் நுண்ணுயிர்ப் பிரிவில் வேலை செய்கிறேன். அன்று ஆபரேட்டர் கோபாலிடம் நான் சொல்லாமல் விட்டதை முதலில் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்: "அண்ணே, சத்தம் வரலியே."

கடந்த திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு என்சைம் தரும் கிருமியை வளர்க்கும் இரண்டாம் எண் பெர்மென்டர் தொட்டியில் மாதிரி எடுத்தேன். அவித்த சோயா வாசனை வர வேண்டியதில் இரண்டு நாள் புளித்த மாவின் வாசனை வந்தது. வேறு கிருமி புகுந்துவிட்டது, பேட்சை நிறுத்திவிடலாம் என்று மேலாளர் சரவணகுமாரிடம் சொன்னேன். "மூக்க நம்பி அஞ்சாயிரம் லிட்டர கொட்டச் சொல்றியாம்மா? நம்பர் எடுத்துகினு வா" என்றார். தட்டில் கிருமி வளர்ந்து எண்ணிக்கை தெரிய ஒரு நாள் ஆகும் என்றேன். "அப்ப நாளைக்குப் பேசு" என்றார். பதிவேட்டில் 'வாசனை மாறியுள்ளது' என்று எழுதியிருந்ததையும் அடிக்கச் சொன்னார். கோடு போட்டு அடித்தேன்.

அதன் பிறகு நுரை ஏறியது. நுரை அடக்கும் எண்ணெய்க்கான பம்ப் நான்கு மாதமாக ஓடாததால், காற்றை நிறுத்தி, அழுத்தத்தை வெளியேற்றி, தொட்டியின் மேல்மூடியைத் திறந்து கையால் ஊற்றுவதே எங்கள் வழக்கம். அழுத்தம் காட்டும் மீட்டர் தொட்டியின் தலையில் இருக்க வேண்டியது. சென்ற ஆண்டு மாற்றியபோது காற்று வெளியேறும் குழாயில், வடிகட்டிக்கு அப்பால் பொருத்திவிட்டார்கள். நுரை அந்த வடிகட்டியை அடைத்து, அழுத்தம் தொட்டிக்குள்ளேயே நின்றிருந்தது அப்போது எங்களுக்குத் தெரியாது.

பதினொன்றே காலுக்கு கோபால் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வைத் திறந்ததை நேரில் பார்த்தேன். வழக்கமாக இரண்டு நிமிடம் சீறும். அன்று சீறவில்லை, மீட்டரின் முள் மட்டும் உடனே இறங்கியது. "இன்னா மேடம், ஜீரோ தானே? தொறக்கவா?" என்று மேடையிலிருந்து கேட்டார். காலையில் மூக்கை நம்பிப் பேச்சு வாங்கியிருந்தேன்; காதை நம்பி இன்னொன்று சொல்ல வாய் வரவில்லை. "ஜீரோதான் காட்டுது அண்ணே" என்றேன். அதன் பிறகு அவர் மூடியைத் தளர்த்தினார், அது பறந்து அவர் முகத்தில் அடித்தது, நுரை கூரை வரை எழுந்தது.

அழுத்தத்தை வெளியேற்றாமல் திறந்தது ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று நிர்வாகத்தின் அறிக்கை கூறுகிறது. அது உண்மையல்ல. இதைப் பதிவு செய்யும் அலுவலர், "வாசனை, சத்தம்லாம் எழுதணுமாம்மா?" என்று கேட்டார். எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

மேற்கண்டவை எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. நான் சொன்னதில் கூட்டியதோ குறைத்ததோ இல்லை, யாவும் உண்மை.

(ஒப்பம்) பூமிகா

ஒப்பத்துக்குப் பின் என் வேண்டுகோளின்படி சேர்த்தது: செவ்வாய்க்கிழமை காலை எண்ணிக்கை வந்தது. வேறு கிருமிதான். அன்று மாலைக்குள் ஐயாயிரம் லிட்டரையும் கொட்டினார்கள். கோபாலுக்கு வலது கண்ணை எடுத்துவிட்டார்கள்.