பதினாறு, பதினேழு... ரெண்டு பேரும் இருக்கோம்!

...அதான் கேக்கறேன், இடிஞ்ச சுவத்தப் பாக்க ஏழு மணி நேரம் பிளேன்ல வரணுமா? எங்க வீட்டுக் குளியலறைச் சுவரு ஒரு வருஷமா இடிஞ்சு கெடக்கு. வா, ஓசியிலேயே காட்டறேன்! முன்னாடி ஒரு கயிறக் கட்டி, ஒரு போர்ட மாட்டிட்டா, அங்கயும் நாலு பஸ்ஸு வந்து நிக்கும்.

நீ நல்லா சாஞ்சுக்கம்மா. பின்னாடி ஒக்காந்தா வாந்தி வருதுன்னு சொன்ன, ஏறின உடனே எங்க வீட்டுக்காரர் சீட்ட உனக்குக் குடுத்துட்டேன். அவரு கடைசி சீட்டுல மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பாரு. இருக்கட்டும், நல்லா இருக்கட்டும். அவரா வந்து பேசற வரைக்கும் நான் வாயத் தொறக்கறதா இல்ல. உங்கிட்ட பேசறது கணக்குல வராது.

எங்க விட்டேன்... ஆங், சுவரு. எங்க பொண்ணுதான் இந்த டூருக்கு அனுப்பினா. "முப்பதாவது கல்யாண நாளும்மா, ரெண்டு பேரும் சேந்து சுத்திப் பாருங்க"ன்னா. சேந்து! கோட்டை, கோபுரம், அரண்மனைன்னு ஒம்பது எடம். ஒம்பது எடத்துலயும் நான் அந்த மனுஷனோட முதுகத்தான் பாத்தேன். அச்சாபீஸ்ல காலம்பூரா பிழை திருத்தினவராச்சே, போர்டக் கண்டா படிக்காம விடுவாரா? அரண்மனை உள்ள இருக்கு, இவரு வாசல்லயே நிப்பாரு.

அந்த அரண்மனை மட்டும் என்ன வாழுதுங்கற? ராஜா சாப்பிட்ட ரூமு, ராஜா தூங்கின ரூமு, ராஜா கோவிச்சுக்கிட்டா போய்ப் படுக்கற ரூமு. நூத்தியிருபது ரூமு, ஒரு கக்கூசு இல்ல! கைடுகிட்ட கேட்டேன், பல்லக் காட்டறாரு. நேத்து அந்தக் கோபுரம்... முன்னூறு படி, மூட்டு கழண்டு போச்சு. மேல போனா என்ன தெரியுது? கீழ தெரியுது! கீழதான நான் மொதல்லயே நின்னுக்கிட்டிருந்தேன்!

கொஞ்சம் திரும்பிப் பாரேன், தூங்கறாரா? நான் பாத்தா, நானே எறங்கி வந்துட்டேன்னு நெனச்சுக்குவாரு. சீட்டு மறைக்குதா? சரி, விடு.

இன்னிக்குக் கோட்டையில என்ன பண்ணினாரு தெரியுமா? குதிரை மேல ஒரு ராஜா சிலை இருந்துச்சுல்ல, அதுக்குக் கீழ போர்டுல அவன் செத்த வருஷம் ஒண்ணு, நம்ம கையில குடுத்த தாள்ல ஒண்ணு. ரெண்டு வருஷம் வித்தியாசமாம். "ரெண்டு வருஷம் கூட இருந்துட்டுத்தான் போகட்டுமே, நீங்களா சோறு போடறீங்க?"ன்னேன். "தப்பு தப்புதான"ங்கறாரு. வந்துச்சே எனக்குக் கோவம்! "இங்கயே நில்லுங்க. நான் வந்து கூப்பிடற வரைக்கும் ஒரு அடி நகரக் கூடாது. அந்தக் குதிரையோடவே குடித்தனம் பண்ணுங்க"ன்னுட்டு விறுவிறுன்னு வந்துட்டேன்.

அப்பறம் பஸ்ஸுல கைடு நம்பர் படிச்சாரா, "பதினாறு, பதினேழு"ன்னு எங்க நம்பரச் சொன்னாரா, "ரெண்டு பேரும் இருக்கோம்"ன்னு நானே சொல்லிட்டேன். தெனம் அப்படித்தான் சொல்றது. இல்லேன்னா மொத்த பஸ்ஸும் என்னைய மொறைக்குமே! நான் சொல்லி வாய மூடறதுக்கும் அவரு மூச்சு வாங்க ஓடி வந்து ஏறறதுக்கும் சரியா இருக்கும். இன்னிக்கு அவரு ஏறறதப் பாக்கக் கூடாதுன்னு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

என்னம்மா, எழுந்து நின்னு பாக்கற?

...கடைசி சீட்டுல உன் பை மட்டுந்தான் இருக்கா? நல்லாப் பாரு. நீலக் கோடு போட்ட சட்டை... முன் வழுக்கை... யாருமே இல்லையா?

கெளம்பி எவ்ளோ நேரமாச்சு? முக்கா மணி நேரமா! ஐயோ... ஃபோனா? அவரு ஃபோனு இந்தா, எங்கிட்டதான் இருக்கு. பாஸ்போர்ட்டும் எங்கிட்டதான். தொலைச்சுடுவாருன்னு நான்தான் வாங்கி வெச்சேன்.

டிரைவர்! நிறுத்துங்க! நிறுத்துங்கங்கறேன்ல!

...ரெண்டு பேரும் இருக்கோம்னு யாரு சொன்னதுங்கறீங்களா? நான்தாங்க. நான்தான் சொன்னேன்.

போலீசெல்லாம் வேணாங்க, எங்கயும் தேட வேணாம். அந்தக் குதிரைக்குக் கீழதான் நிப்பாரு. முப்பது வருஷத்துல என் பேச்ச ஒரு தடவ தட்டினதில்லங்க அந்த மனுஷன். வெயில் வேற... தொப்பிகூட எங்கிட்டதான் இருக்கு...

வண்டியத் திருப்புங்க. வேற யாரு போய்க் கூப்பிட்டாலும் வர மாட்டாரு. நான்தான் போய்க் கூப்பிடணும்.