சுவரைப் பார்த்து நின்று

1931 மார்ச்சில் வாணியம்பாடியில் ஒரு சர்க்கஸ் கம்பெனி கூடாரம் அடித்தது. ஐந்து பந்தை விடாமல் போட்டுப் பிடிக்கும் ஆள் வேண்டும் என்று மேனேஜர் சொல்லியனுப்பினார். ஒருவன்தான் வேண்டும்.

தோல் பதனிடும் எங்கள் ஷாப்பில் பந்து போடத் தெரிந்தவர்கள் நானும் கன்னியப்பனும். ஆட்டுத்தோல் வெட்டுத்துண்டைத் தைத்து, ஆவாரம்பட்டைத் தூளை அடைத்து நாங்களே செய்த பந்துகள். நாலு வரை எனக்கு வரும். ஐந்து அவனுக்கு மட்டும் வந்தது. சர்க்கஸில் சேர்ந்தால் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் இறங்க வேண்டாம். அதை நினைத்ததிலிருந்து என் கைகள் சும்மா இருக்கவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. சோறு தின்னும்போதுகூட இடது கை எதையோ தூக்கிப் போட்டுக்கொண்டிருக்கும்.

கேட்டதும் கன்னியப்பன் சொல்லிக்கொடுத்தான். புதிதாக ஐந்து போடுகிறவனுக்கு ஒரு கோளாறு உண்டு. பந்து கொஞ்சம் முன்னே போகும். பிடிக்க அவனும் ஓர் எட்டு வைப்பான். தெரியாமலே நடந்துகொண்டிருப்பான்.

"இன்னாடா பச்சை, பந்து போடுறியா, ஆம்பூருக்கு நடந்தே போறியா?" என்று சிரித்தான். "சொவத்தைப் பாத்து நின்னு போடு. சரியாப் பூடும்."

"சொவத்தைப் பாத்தா பேஜாரா இருக்குதுடா. நீ எதிர்ல நின்னு கைதட்டு, போதும்."

அப்படியே செய்தோம். நான் முன்னே நடக்க, அவன் பந்துகளை அண்ணாந்து பார்த்துக் கைதட்டியபடி என் எதிரில் பின்பக்கமாகவே அடி வைத்துப் போவான். அது அவனுக்குப் பழகிவிட்டது.

மேனேஜர் எங்களைப் பார்ப்பதற்கு முந்தைய நாள் வெள்ளிக்கிழமை. முதலாளியும் மற்றவர்களும் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார்கள். முற்றத்தில் ஐந்தும் ஒழுங்காக ஓடின.

"அப்டித்தான்டா. விட்றாத, மேலயே பாரு" என்றான். அவன் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

அவன் பின்னால் சுண்ணாம்புக் குழி இருந்தது. வாயைத் திறந்தால் தாளம் தப்பிவிடும். நடந்தேன்.

கண்ணில் சுண்ணாம்பு பட்டால் உடனே தண்ணீர் விட வேண்டும். ஷாப்பில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தொட்டி பக்கத்திலேயே இருந்தது. குழிக்குள்ளிருந்து அவன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். ஐந்தும் காற்றில் இருந்தன, நிறுத்த மனம் வரவில்லை. கை ஓய்ந்த பிறகு பந்துகளைக் கூடையில் வைத்துவிட்டுப் போய் அவனைத் தூக்கினேன்.

புதுசாகப் போடுகிறவன் நடக்கத்தான் செய்வான், பச்சையப்பன் மேல் தப்பில்லை என்று கன்னியப்பனே உங்களிடம் சொல்லியிருப்பான்.

நீங்கள் ஷாப்பின் பின்சுவரைக் காட்டிக் கேட்டீர்கள். வெள்ளையடித்த சுவரில் பந்து பந்தாகப் பட்டைக் கறை. அது நான் போட்டது. அவன் சொன்னபடியே, அவனுக்குத் தெரியாமல், சுவரைப் பார்த்து நின்று பழகினேன். அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்பே என் நடை நின்றுவிட்டது. நின்ற இடத்திலேயே ஐந்தும் எனக்கு வந்துவிட்டது. அவன் அளவுக்கு அல்ல.

கன்னியப்பனுக்குக் கண்கள் இரண்டும் போய்விட்டன. சனிக்கிழமை கம்பெனியில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.