இருபத்தைந்து லிட்டர் போதும் என்று சொன்னது நான்தான்

என் பெயர் நார்மன் டெட்லோ. வயது அறுபத்து நான்கு. யார்க்ஷயர், ஷிப்லி, கிளாரன்ஸ் தெரு, பதினேழாம் எண் வீட்டில் தனியாகக் குடியிருக்கிறேன். பேருந்துகளுக்குக் கால அட்டவணை போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவோர் சங்கத்துக்கு ஒன்பது வருடமாகத் தலைவர். இந்த மாதம் நான்காம் தேதி இதே காவல் நிலையத்தில் நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு பகுதி பொய். அதைத் திருத்த, யாரும் அழைக்காமல் நானாகவே வந்திருக்கிறேன்.

எங்கள் சங்கத்தில், முளைகட்டிய பார்லியை ஊறவைத்துச் சாறு இறக்கி, அதை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்துக் காய்ச்சுபவர்களுக்குத்தான் மரியாதை. டப்பாவில் தயாராக வரும் பார்லிப் பாகை வாங்கி வெந்நீரில் கரைத்துப் புளிக்க வைப்பவர்களை டப்பா பார்ட்டி என்று கிண்டல் செய்வோம். அந்தப் பெயரை வைத்ததே நான்தான். ஆனால் நான் இதுவரை டப்பாப் பாகில் தவிர வேறெதிலும் பீர் செய்ததில்லை. சங்கத்தில் சேர்ந்த புதிதில் என் பீரை எல்லோரும் புகழ்ந்தபோது, பார்லியில் காய்ச்சியது என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். அதன் பிறகு காலி டப்பாக்களை நசுக்கி அடுத்த தெருக் குப்பைத்தொட்டியில் போட்டு வந்தேன்.

சென்ற மாதம் இருபதாம் தேதி, எதிர்வீட்டுப் பெரில் ஹாட்டன், பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தவர், முதல் முறையாகப் பார்லியில் காய்ச்சிப் பார்க்கப்போவதாகவும், சாறு கொதிக்கவைக்கும் பாய்லர் வாங்கத் துணைக்கு வர வேண்டும் என்றும் கேட்டார். இருவரும் பீர் காய்ச்சும் சாமான்கள் விற்கும் ராய் லம் என்பவரின் கடைக்குப் போனோம். ராய், "நாப்பது லிட்டர் எடுத்துக்குங்கம்மா. கொதிக்கறப்ப ஆவியாப் போறது கொஞ்சம் இருக்கு. நுரை பொங்கறதுக்கும் இடம் வேணும்" என்றார். நான், "உனக்குப் பெருசா வித்தாகணும், அதானே ராய்? கடைசியில கைக்கு வரப்போறது இருபத்து மூணு லிட்டர். இருபத்தஞ்சு தாராளமாப் போதும்" என்றேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ராய் முகம் சிவந்து, "தலைவரே சொல்லிட்டாரு, அப்புறம் நான் என்னத்தச் சொல்ல" என்று சின்னதை எடுத்துக் கொடுத்தார்.

இருபத்து மூன்று என்ற கணக்கு டப்பாவில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ளது. அவ்வளவு மிஞ்ச, கொதிக்கவைக்கும்போது எவ்வளவு இருக்க வேண்டும் என்பது அதில் இருக்காது. டப்பாவில் செய்கிறவனுக்கு அது தேவையில்லை. ராய் சொன்னது சரியாக இருக்குமோ என்று எனக்கு அந்த நிமிடமே தோன்றியது. கேட்க வெட்கப்பட்டேன்.

அதன் பிறகு இருபத்தெட்டாம் தேதி சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பெரில் தன் வீட்டு கார் ஷெட்டில் காய்ச்சினார். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தேன். பாய்லர் நிரம்பியதும், "நார்மன், விளிம்பு வரைக்கும் நிக்குதே, பரவாயில்லையா?" என்று கேட்டார். "நூறு தடவ பாத்தவன் சொல்றேன், மூடியப் போடுங்க, சீக்கிரம் கொதிக்கும்" என்றேன். மூடி தடதடவென்று ஆடியது. பெரில் குனிந்து அதைத் தூக்கினார். நுரையும் சாறும் ஒரேயடியாகப் பொங்கி அவர் தொடையிலிருந்து பாதம் வரை கொட்டின. இனிப்புச் சாறு என்பதால் வழிந்து போகாமல் தோலிலேயே ஒட்டிக்கொண்டது. காலில் துணிச் செருப்புதான் போட்டிருந்தார். தோட்டத்துக் குழாயை இழுத்து வந்து ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் காலில் தண்ணீர் பீய்ச்சினேன். அன்று நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

அதன் பிறகு பெரிலின் மகள் கடைமீது புகார் கொடுத்தார். என்னை விசாரித்தபோது, சின்ன பாய்லரைத் தலையில் கட்டியது ராய்தான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். சங்கத்து ஆட்கள் அவர் கடைப் பக்கம் போவதை நிறுத்தினார்கள். ஆறு நாளாகக் கடை பூட்டிக் கிடக்கிறது. வலி மருந்தில் கிடந்த பெரிலை யாரும் இன்னும் விசாரிக்கவில்லை. கடையில் நான் சொன்னது அவருக்கு நினைவிருக்கக் கூடாது என்று நான் ஆசைப்பட்டேன். அதைச் சொல்லவே எனக்கு அவமானமாக இருக்கிறது.

இன்று காலை மருத்துவமனைக்குப் போனேன். பெரில் என் கையைப் பிடித்து, "நீங்க இல்லன்னா என் கால் என்ன ஆயிருக்கும்" என்றார். அதன் பிறகு, "அடுத்த தடவ எத்தன லிட்டர் வாங்கட்டும்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். பீர் விஷயத்தில் அந்த வார்த்தையை ஒன்பது வருடத்தில் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு டப்பா விவரத்தையும், ராய்மீது சொன்ன பொய்யையும் சொன்னேன். பெரில் கையை எடுத்துக்கொண்டார். "அப்ப ராய்கிட்டயே கேட்டுக்கறேன். அவருதான் அன்னிக்கே சொன்னாரே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அங்கிருந்து நேராக இங்கே வந்தேன்.

மேற்கண்டதைக் கான்ஸ்டபிள் ஹெலன் பிரிக்ஸ் எனக்குப் படித்துக் காட்டினார். இந்தத் தடவை அத்தனையும் உண்மை. மேலே சங்கத் தலைவர் என்று இருப்பதை மட்டும் அடித்துவிடக் கேட்டேன். சொன்னது சொன்னபடிதான் இருக்க வேண்டும், அடிக்க முடியாது என்றார். ஆகவே அது அப்படியே இருக்கிறது.

(ஒப்பம்) நார்மன் டெட்லோ