எந்த லைன் எடுப்பது

இன்டர்நெட் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் வேகத்தைத்தான் கேட்கிறார்கள். ஸ்பீடு எவ்வளவு, படம் பார்த்தால் சுற்றுமா, அவ்வளவுதான். ஒரு வருஷத்தில் அது எத்தனை நிமிஷம் காணாமல் போகும் என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. பத்தொன்பது வருஷ வேலையில் என்னிடம் ஒரே ஒருவர்தான் கேட்டிருக்கிறார். அவரைப் பற்றித்தான் நீங்கள் விசாரிக்கிறீர்கள். சொல்கிறேன் சார். அதற்கு முன்னால் எங்கள் வேலை என்னவென்று தெரிந்தால் உங்களுக்கு எழுத வசதியாக இருக்கும்.

வீட்டிலேயே மூச்சு மெஷின் வைத்திருக்கும் நோயாளிகளைத் தூரத்திலிருந்து கவனிப்பது எங்கள் கம்பெனி. மாடியில் மூன்று அறை. நடு அறையில் பெரிய திரை, அதில் அறுபத்தோரு பச்சைப் புள்ளி, ஒரு புள்ளி ஒரு உயிர். யாருக்காவது குழாய் கழன்றால் புள்ளி சிவப்பாகும். நர்ஸ் உடனே அந்த வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ போன் செய்வார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் லைன் அறுந்தால் புள்ளிகள் கடைசியாக இருந்த நிறத்திலேயே நின்றுவிடும். மேலே மெல்லியதாக ஒரு மஞ்சள் பட்டை வரும், அவ்வளவே. நர்ஸுகள் என்னை வயர் அண்ணா என்பார்கள். "வயர் அண்ணா, மஞ்சள்" என்று குரல் கேட்டால் நான் சோற்றுக் கையோடு ஓடுவேன்.

எங்களிடம் இருந்தது தெரு முழுக்கப் பங்கு போட்டுக்கொள்ளும் சாதாரண லைன். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீடு திரும்பியதும் திணறும். நாலு மணிக்கு மேல் வாரத்தில் இரண்டு நாளாவது அறுந்துவிடும். எங்களுக்கென்றே தனியாக இழுத்த லைன் ஒன்று, அது போனால் தாங்க செல் டவரில் ஓடும் இன்னொன்று, இந்த இரண்டும் வேண்டும் என்று பதினாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். சாதாரண லைன் விற்கிறவர்களின் காகிதத்தில் ஸ்பீடு 'இருநூறு வரை' என்று போட்டிருக்கும். அந்த 'வரை'யை யாரும் படிப்பதில்லை. பூஜ்யமும் இருநூறு வரைக்குள்தான் வருகிறது. இதை ஒரு பக்கம் முழுக்க விளக்கியிருந்தேன்.

முதலாளியம்மா அந்தப் பதினாலு பக்கத்தின் மேல் டீ கிளாசை வைத்தார். அவருடைய மருமகன்தான் பேசினார்.

"அண்ணே, ஒரு வருஷமா என்ன ஆகிடுச்சு? சொல்லுங்க."

"ஒண்ணும் ஆகல. ஆகாம நான் பாத்துக்கிட்டேன்."

"அப்புறம் என்ன? நீங்கதான் இருக்கீங்களே" என்று சிரித்தார்.

முதலாளியம்மாவும் சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை, ஒரு காலத்தில் நர்ஸாக இருந்தவர். "ஏதாவது ஆச்சுன்னா அப்பப் பாத்துக்கலாம்பா" என்றார். அந்த வாக்கியத்தை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.

எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. என் மகளின் பள்ளிக்கூட விழாவில் பாதியில் எழுந்து ஓடி வந்திருக்கிறேன். "உங்களுக்கு அந்த டப்பாதான் பொண்டாட்டி, நான் சும்மா சமையலுக்கு" என்று என் மனைவி சொல்லாத வாரம் இல்லை. ஒழுங்காகச் செய்த வேலை கண்ணுக்குத் தெரியாது என்பது எங்கள் தொழிலின் சாபம். மெனக்கெட்டு ஓடி ஓடி, லைன் நன்றாக இருக்கிறது என்ற பொய்க்கு நானே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் முதலில் ஓடுவதை நிறுத்தினேன். அது குற்றமா என்று தெரியவில்லை. மஞ்சள் என்றால், "பாத்துட்டு இருக்கேன்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு மாதத்தில் பதினேழு முறை அறுந்தது. ஒரு முறைகூட அந்த நேரத்தில் யாருக்கும் குழாய் கழலவில்லை. லைன் தானாகவே திரும்பி வந்தது. "பாத்தீங்களா அண்ணே, நீங்க வீணா டென்ஷன் ஆனீங்க" என்றார் மருமகன்.

இப்போது நீங்கள் விசாரிக்கும் அந்த டிரைவரிடம் வருகிறேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்ததால் பேச முடியாது, சிலேட்டில் எழுதுவார். கை பலமில்லை, எழுத்து பஸ் குலுங்கியது போல் இருக்கும். தையல் கடைக்கு மேல் மாடியில் தனியாக இருந்தார். சாவி கீழே தையல்காரரிடம். நான் மெஷினோடு எங்கள் பெட்டியை இணைக்கப் போனபோது எல்லோரையும் போல் ஸ்பீடைக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் எழுதியது, 'பிரேக் எப்படி?' எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு துடைத்துவிட்டு எழுதினார், 'லைன் போனா நான் எவ்வளவு நேரம் தாங்குவேன்?' அந்த நேரம் பார்த்துக் குழாயும் கழன்றால் நாலு நிமிஷம், அதிகம் போனால் ஐந்து என்றேன். உண்மையைச் சொன்னதற்காகக் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவருக்குத் தினமும் உதவிக்கு வரும் அம்மாள் குழாயைச் சுத்தம் செய்துவிட்டு நாலு மணிக்குக் கிளம்புவார். அவர் போன அரை மணிக்குள் டிரைவர் இருமுவார், குழாய் தளரும், புள்ளி சிவக்கும், நர்ஸ் போன் செய்வார், தையல்காரர் மேலே ஏறி அழுத்திவிட்டு வருவார். பதிவேட்டில் அநேகமாகத் தினமும் இது இருக்கும். மெஷினே வீட்டில் கத்தும்தான். ஆனால் கடையில் நாலு தையல் மெஷின் ஓடும்போது அது கீழே கேட்காது.

எத்தனையோ பேர் இருக்க அவர் ஏன் என்று கேட்பீர்கள். ஒரு வீட்டில் சின்னக் குழந்தை, இன்னொரு வீட்டில் மூன்று பிள்ளைகளின் தாய். அவர்களை எப்படி? நான் யோசித்துத்தான் செய்தேன். கேள்வியைப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். நான் எதற்காகச் செய்கிறேன் என்று அவரிடம் விளக்கியிருந்தால் தலையாட்டியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

அந்த வியாழக்கிழமை நாலு மணி ஐந்து நிமிஷத்துக்கு, பின்பக்க அறைக்குப் போய் மோடத்திலிருந்து ஒயரைப் பிடுங்கினேன். எப்படியும் அந்த நேரத்துக்கு அறுகிற லைன்தானே. "வயர் அண்ணா, மஞ்சள்." "பாத்துட்டு இருக்கேன்மா." நாலே முக்காலுக்குத் திரும்பச் செருகினேன். புள்ளி சிவப்பானது. நர்ஸ் போன் செய்தார், தையல்காரர் ஓடினார். அவர் போட்ட சத்தம் போன் வழியாக அறை முழுக்கக் கேட்டது.

ஒயரைப் பிடுங்கியதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் வரும்போது நினைத்தேன். பயமுறுத்த நினைத்தேன், கணக்கு தப்பிவிட்டது என்று சொன்னால் நீங்களும் நம்புவீர்கள். ஆனால் பெட்டிகளைச் சோதிப்பதற்காக எல்லா அலாரமும் என் கைபேசிக்கும் வரும்படி வைத்திருந்தேன். அது செல் டவரில் ஓடுவது, அந்த ஒயர் அதற்குத் தேவையில்லை. நாலு பதினெட்டுக்கு அவர் பெயர் சிவப்பாக வந்தது. தையல்காரர் நம்பரும் அதே கைபேசியில் இருக்கிறது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மயக்கம் போட்டுப் பிழைத்திருந்தால், "நல்லவேளை, ஒண்ணும் ஆகல" என்று சொல்லி மறுபடியும் டீ கிளாசை வைத்திருப்பார்கள். ஆறாவது நிமிஷம் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டேன். பிறகும் இருபது நிமிஷத்துக்கு மேல் காத்திருந்துதான் ஒயரைச் செருகினேன்.

மறுநாளே முதலாளியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீ அப்பவே சொன்னியேப்பா." மருமகன் தலை நிமிரவில்லை. சுவரைத் துளைத்துத் தனி லைன் வந்தது, டவர் லைனும் வந்தது. ஏழு மாதமாக மஞ்சள் பட்டை ஒரு முறைகூட வரவில்லை சார். அறுபது பேர் நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள். நான் மகளோடு உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிடுகிறேன்.

அந்த மருமகன்தான் பழைய லைன்காரர்களிடம் அலைந்து அன்றைய பதிவை வாங்கி வந்து உங்களிடம் கொடுத்திருக்கிறார். நேற்று அதை என் முன்னால் வைத்தீர்கள். அந்த வியாழக்கிழமை காலையிலிருந்து இரவு வரை லைன் எங்கள் மோடம் வரைக்கும் ஒரு விநாடிகூட அறாமல் வந்திருக்கிறது. நான் தொடாமல் இருந்திருந்தால் நர்ஸ் போன் செய்திருப்பார், டிரைவர் இன்றைக்கும் சிலேட்டில் எழுதிக்கொண்டிருப்பார் என்றீர்கள். மூன்று முறை படித்துப் பார்த்தேன். காகிதம் சரிதான், நான்தான் கொன்றேன், கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் ஏதோ ஒரு நாள் அது அறாமல் இருந்தது என்பதற்காக, அதை ஒரு நல்ல லைன் என்று சொல்லிவிட முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.