கழுத்துல ஒரு வாய்

இல்ல டாக்டரம்மா, அவளைக் கூப்பிடாதீங்க. கொஞ்சம் உக்காருங்க. அர்கிரோ வெளிய ஜன்னலோர நாற்காலியிலதான் இருக்கா, எங்கயும் போயிடமாட்டா. அவதான என்னை உள்ள அனுப்புனா. நீ மட்டும் போய்க் கேட்டுட்டு வான்னு. தெரியும், நோயாளிகிட்டதான் சொல்லணும். நீங்க ஜெர்மனியில படிச்சவங்கன்னு வாசல்ல பேர்ப்பலகையில பாத்தேன். நானும் ஸ்டுட்கார்ட்ல பொறந்து வளந்தவன்தான், ரெண்டு பாஷையிலயும் படிச்சவன். இருபத்தாறு வயசுல ஊருக்குத் திரும்பினேன். அதனால சொல்றேன், உங்க கட்சிதான் நானும். இந்த ஊர்லயே உங்க கட்சி நான் ஒருத்தன்தான்.

இப்பச் சொன்னீங்களே, ட்ராகியோஸ்டோமியான்னு. நிரந்தரமான்னு கேட்டேன், தலையாட்டுனீங்க. இனிமே பேச முடியாதான்னு கேட்டேன். கருவி இருக்கு, பயிற்சி இருக்குன்னீங்க. சரி. ஆனா குரல்வளையை எடுத்துட்டு, மூச்சு விடறதுக்குக் கழுத்துல ஒரு வாய். அவ பள்ளிக்கூடத்து டீச்சர், டாக்டரம்மா.

எனக்கும் ஒரு வாய் உண்டு. வயித்துல, இடது பக்கம். நாலு வருஷமாச்சு. மலம் வந்து சேர்ற பை, பை மேல சட்டை, சட்டை மேல மீன் மார்க்கெட் ஏப்ரன். பாத்தா யாருக்கும் தெரியாது.

ஸ்டுட்கார்ட்ல டாக்டருங்க பெரிய வியாதின்னா பேரு வைக்க நம்ம கிரேக்க பாஷைக்குத்தான் ஓடி வருவாங்க, பாத்திருப்பீங்க. கேக்கறவனுக்கு ஒண்ணும் புரியாது, மந்திரம் கேட்ட மாதிரி தலையாட்டிட்டுப் போவான். இங்க அந்தக் கதை நடக்குமா? ஸ்டோமான்னா வாய்னு பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அதனால நம்ம டாக்டருங்க வார்த்தையில ஒளிச்சு வைக்க முடியாம, சொந்தக்காரங்க காதுல ஒளிச்சு வைக்கிறாங்க. எனக்கு ஆபரேஷன் பண்ணுன பெரிய டாக்டர் அப்படித்தான். அர்கிரோவையும் அவ அண்ணன், என் மச்சான் ஸ்டெர்யோஸையும் வராண்டாவுக்குக் கூட்டிட்டுப் போய்ச் சொல்லிட்டாரு. எனக்குச் சொன்னது வெறும் குடல் புண்ணு. கெட்ட நோய்ங்கற பேச்சே இல்ல.

மயக்கம் தெளிஞ்சப்ப வயித்துல கை வச்சுப் பாத்துட்டு, இது என்னடின்னேன். அர்கிரோ பயாலஜி டீச்சர் இல்லையா, கட்டில்ல உக்காந்து பாடம் நடத்துனா. இலைக்கு அடியில ஆயிரக்கணக்கா வாய் இருக்கு சஃபீரி, தண்ணி இருந்தா தொறக்கும், வெயில் அதிகமானா மூடிக்கும், உனக்கு ஒரே ஒரு வாய், அதுக்கு இந்த அலறலா அப்படின்னா. சிரிச்சேன். தையல் பிரிஞ்சுடும்னு நர்ஸ் திட்டுற வரைக்கும் சிரிச்சேன். வீக்கம் வத்துனதும் குடலோட ரெண்டு நுனியையும் சேத்துத் தைப்பாங்க, அனஸ்டோமோசிஸ்னு பேரு, வாயோட வாய் சேக்கறதுன்னா. அதையும் சொல்லிட்டு என் வாய்ல ஒரு முத்தம் வேற குடுத்தா.

கீழ் நுனின்னு ஒண்ணே இல்ல. எல்லாத்தையும் வெட்டி எடுத்துத் தச்சு மூடிட்டாங்க. அது அவளுக்கு நல்லாத் தெரியும், டாக்டரம்மா. தெரிஞ்சுக்கிட்டேதான் முத்தம் குடுத்தா.

எப்படித் தெரிஞ்சுக்கிட்டேனா? அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்க ஊர்த் துறைமுகத்துல மீன் ஏலம் சத்தம் போட்டு நடக்காது. வாங்குறவன் ஒவ்வொருத்தனா வந்து ஏலக்காரன் காதுல விலையை முணுமுணுத்துட்டுப் போவான். ஏலக்காரன் நான். எல்லாத்தையும் மனசுல வச்சு, கூடுதலாச் சொன்னவன் பக்கம் பெட்டியைத் தள்ளிவிடுவேன். யாரு என்ன சொன்னான்னு என் பொண்டாட்டிக்கும் சொன்னதில்ல. தோத்தவன் என்னைத் திட்டணும், அதுவும் முறைதான். அம்மாவ இழுப்பான், புனிதர்களை இழுப்பான். பராஸ்கேவாஸ்னு ஒருத்தர் இருக்காரு, கணவாய் வியாபாரி. அவரு திட்டுனா கேக்கறதுக்குன்னே படகுக்காரங்க வேலையை நிறுத்திட்டு வருவாங்க. உன் காதுல நண்டு குடியேறட்டும், அது குட்டி போடட்டும், அந்தக் குட்டிக்கு நீ ஸ்கூல் ஃபீஸ் கட்டணும் அப்படிம்பாரு.

ஆபரேஷன் முடிஞ்சு திரும்பப் போனேன். மொத நாள் யாரும் திட்டலை. சரி, மரியாதை குடுக்கறாங்கன்னு விட்டேன். மறுநாளும் திட்டலை. ஒரு வாரம் ஆச்சு. நல்ல கணவாய், பளிங்கு மாதிரி, பராஸ்கேவாஸ் கையை விட்டுப் போச்சு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டுத் திட்டுக்குக் காத்திருக்கேன். அவரு என் தோள்ல கை வச்சு, பரவாயில்லை தம்பி, அடுத்த பெட்டி பாத்துக்கலாம், நீ உடம்பைப் பாத்துக்க அப்படிங்கறாரு.

அவரை அப்படியே ஐஸ் ரூமுக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போய், என்னய்யா தெரியும் உனக்குன்னு கேட்டேன். சட்டைப் பொத்தானையே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம், ஸ்டெர்யோஸ் சொன்னான்ப்பா, கெட்ட நோயாமே, குடலை இனிமே ஒட்டவே மாட்டாங்களாமே, உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்கான், என்னைக் காட்டிக் குடுத்துடாதேன்னாரு. எல்லார்கிட்டயும். ஐஸ் உடைக்கிறவன்கிட்ட, காபி கொண்டு வர்ற பொம்பளைகிட்ட. என் வயித்தைப் பத்தி எனக்கு மட்டும்தான் தெரியாது.

வீட்டுக்குப் போனேன். அவ பரீட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டிருந்தா. எப்ப அர்கிரோ சேக்கறாங்க என் வாயைன்னு கேட்டேன். என் முகத்தைப் பாத்ததும் பேனாவை மூடி வச்சுட்டா. இல்லன்னு சொல்லலை, அழவும் இல்ல. நீ நிம்மதியாத் தூங்கணும்னு நெனச்சேன்னா, அவ்வளவுதான்.

கத்துனேன். எங்கப்பாவுக்கு ஸ்டுட்கார்ட்ல டாக்டர் மூஞ்சிக்கு நேரா ஆறு மாசம்னு சொன்னாரு, அவரு அன்னிக்கே கடைக்குப் போய் அடுத்த பனிக்கு ஒரு கோட்டு வாங்கிட்டு வந்தாரு, அவரு ஆம்பளை, என்னைப் பச்சப்பிள்ளையாக்கிட்டீங்களேன்னு கத்துனேன். அவ என்ன சொன்னா தெரியுமா? உங்கப்பா அந்த ரூம்லயே செத்துட்டாரு, அப்புறம் ஆறு மாசம் கோட்டுதான் வீட்டுக்குள்ள நடமாடுச்சுன்னு நீதானடா சொன்ன, நம்ம கல்யாணத்துக்கு முந்தி, கடற்கரையில உக்காந்துன்னா.

சொன்னதென்னமோ நெசந்தான். அதுக்காக? என் வாய்லேர்ந்து வந்த வார்த்தையை எடுத்து எனக்கே கயிறு திரிக்கலாமா?

ஸ்டெர்யோஸ்கூடப் பேச்சை விட்டேன். ஈஸ்டருக்குக்கூட அவன் வீட்டு வாசப்படி மிதிக்கலை. அவளை விட முடியலை. விட்டா யாரு பை மாத்துவா, இல்ல, அதுக்காக இல்ல. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றேன். பையெல்லாம் நானே மாத்திக்குவேன். ஆனா நாலு வருஷமா அவ எது சொன்னாலும் ஒரு நிமிஷம் யோசிப்பேன், டாக்டரம்மா. பால் தீந்துடுச்சுன்னு சொன்னாலும் ஃப்ரிட்ஜைத் தொறந்து பாப்பேன். அவளும் பாக்க விடுவா.

இப்ப அவளுக்குக் குரல் கம்மிப் போய் மாசக்கணக்கா ஆச்சு. சாக்பீஸ் தூசின்னா, சளின்னா. நம்பலை நான். நான்தான் வற்புறுத்தி உங்ககிட்ட கூட்டிட்டு வந்தேன். கெட்டதோ நல்லதோ ரெண்டு பேரும் ஒண்ணா உள்ள போவோம், ஒண்ணாக் கேப்போம், டாக்டர் மூஞ்சியைப் பாத்துக் கேப்போம்னு எத்தனை நாளா மனசுல ஒத்திகை பாத்து வச்சிருந்தேன். நம்ம வீட்ல ஒருத்தராவது நேரா நிப்போம்னு இருந்தேன்.

இல்ல, அவ அழலை. அழற ஆளும் இல்ல. பயமும் இல்லைன்னுதான் நெனைக்கிறேன். அவளுக்குத் தெரியும் டாக்டரம்மா. நீங்க தொண்டைக்குள்ள கேமரா விட்டப்ப உங்க கண்ணைப் பாத்தே தெரிஞ்சிருக்கும். அந்த வார்த்தையெல்லாம் போர்டுல எழுதிப் பாடம் எடுக்கிறவ.

காலையில பஸ்ல வரும்போது தோள்ல சாஞ்சுக்கிட்டா. சத்தம் வராது, காத்து மட்டும் வரும். வெள்ளிக்கிழமை பசங்களுக்குக் கடைசிப் பாடம் இருக்கு சஃபீரி, அதை இந்தக் குரல்ல எடுத்து முடிச்சுடறேன், தெரிஞ்சுக்கிட்டு எடுத்தா நடுவுல உடைஞ்சுடுவேன், அதனால நீ போய்க் கேளு, கெட்டதுன்னா வெளிய வந்து சும்மா சளின்னு சொல்லு, நான் நம்பிக்கிறேன்னா. அதோட விட்டாளா? நல்லாச் சொல்லு, உனக்குப் பொய் சொல்ல வராதுன்னா.

பாருங்க. அவளை மன்னிக்கறதா வேண்டாமான்னு நாலு வருஷமா நான் பொத்திப் பொத்தி வச்சிருந்த கோவம். அதையும் கையிலேர்ந்து வாங்கிக்கிட்டா. சரின்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்றது.

திங்கக்கிழமை நானே கூட்டிட்டு வரேன். உங்க வாயால, அவ மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க, ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுவா. நீங்க பொய் சொல்ல வேண்டாம், கேக்கலை. நாலஞ்சு நாள்தான். தள்ளிப் போட்டா ஆபத்தா? இல்லையா. அப்பச் சரி.

ஒரே ஒரு உதவி. நான் இந்தக் கதவைத் தொறக்கறதுக்கு முன்னாடி நீங்க கொஞ்சம் சிரிங்க. ஏதோ நான் ஜோக் சொன்ன மாதிரி, வெளிய கேக்கற மாதிரி. முடியலையா? பரவாயில்ல, நானே சிரிச்சுக்கறேன். நீங்க அந்தக் கண்ணை மட்டும் தொடைச்சுக்கங்க.